லிவர் ட்ரைஃபேசிக் சிடி: ஆர்ட்டீரியல் ஃபேஸில் நாட்யூல் தெரியவே மாட்டேங்குது, டிலே எவ்வளவு வைக்கிறீங்க?

ராணிப்பேட்டை_கன்சோல்

வணக்கம். 16 ஸ்லைஸ் போய் 128 ஸ்லைஸ் மெஷின் வந்திருக்கு. மற்ற ஸ்டடி எல்லாம் அருமையா வருது, லிவர் ட்ரைஃபேசிக் (கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்தி ஆர்ட்டீரியல், போர்ட்டல் வீனஸ், டிலேய்ட்னு மூணு நேரத்தில் ஈரலை எடுக்கிற சிடி) மட்டும் உதைக்குது. ஒரு கேஸை அப்படியே சொல்றேன்.

58 வயசு ஆண், ஹெபடைட்டிஸ் பி, சிரோசிஸ் (ஈரல் சுருக்கம்). எடை 52 கிலோ, வயிற்றில் நீர் இல்லை. அல்ட்ராசவுண்டில் வலது லோபில் சுமார் 1.5 செ.மீ. நாட்யூல் (சின்ன உருண்டைக் கட்டி). சிடியில் போர்ட்டல் வீனஸ், டிலேய்ட் இரண்டு ஃபேஸிலும் செக்மெண்ட் 8-ல் 16 மி.மீ. அளவுக்கு, சுத்தி இருக்கிற ஈரலைவிடக் கருப்பா தெரியுது. ஆர்ட்டீரியலில் ஒண்ணுமே இல்லை. ரிப்போர்ட் எல்ஆர்-3 (புற்றா இல்லையான்னு உறுதியில்லாத நடுத்தரம்) என்று வந்தது. கூடவே "ஆர்ட்டீரியல் ஃபேஸ் முன்கூட்டியே எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி.

ப்ரோட்டோகால்: 300 ஸ்ட்ரெங்த் (மில்லிக்கு 300 மில்லிகிராம் அயோடின்) கான்ட்ராஸ்ட் 60 மில்லி, செகண்டுக்கு 3 மில்லி, பின்னால் சலைன் 20 மில்லி. பிங்க் வென்ஃப்ளான் (20 கேஜ் ஊசிக்குழாய்), புறங்கையில். ட்ராக்கர் (கான்ட்ராஸ்ட் வர்றதைக் கவனிச்சு ஸ்கேனுக்கு ட்ரிகர் அடிக்கிறது) அயோர்ட்டாவில் (பெருந்தமனி), 120 ஹெச்யூ (சிடி அடர்த்தி அலகு) தொட்டதும் 10 செகண்ட் டிலே. போர்ட்டல் 70 செகண்ட், டிலேய்ட் 3 நிமிஷம். பழைய மெஷினிலும் இதே நம்பர்தான், அப்போ யாரும் குறை சொல்லலை. எதை மாத்தணும்? டிலேயை மட்டும் கூட்டினால் போதுமா?

பாலாறு_படம்

டிலேயை மட்டும் மாத்தினா பாதி வேலைதான் தம்பி. மூணு இடத்தில் ஓட்டை இருக்கு.

முதல்ல டிலே. இந்த மாதிரி ஆளுக்கு ஊசி ஓட ஆரம்பிச்சு 17, 18 செகண்டில் ட்ரிகர் அடிக்கும்னு வெச்சுக்கோ. அதோட 10 சேர்த்தா 28-வது செகண்டில் ஸ்கேன் ஆரம்பம். 128 ஸ்லைஸ் முழு ஈரலையும் 3, 4 செகண்டில் முடிச்சிடும். அப்போ 32-க்குள்ள எல்லாம் முடிஞ்சாச்சு. அது ஏர்லி ஆர்ட்டீரியல். ரத்தக்குழாய் பார்க்க நல்லா இருக்கும், கட்டி பார்க்க உதவாது. நமக்கு வேண்டியது லேட் ஆர்ட்டீரியல், அதாவது ஏறக்குறைய 35-லிருந்து 40 செகண்ட்.

பழைய மெஷினில் ஏன் வந்துச்சுன்னா, அது ஈரலைக் கடக்கவே இன்னும் பல செகண்ட் கூடுதலா எடுக்கும். மேலிருந்து கீழ போகும்போது செக்மெண்ட் 5, 6 வர்றதுக்குள்ள நேரம் தானாவே லேட் ஆர்ட்டீரியலுக்கு வந்து சேர்ந்துடும். மெஷினோட மெத்தனம் உன் டிலேயைக் காப்பாத்திட்டு இருந்தது, அவ்வளவுதான். ஆனா செக்மெண்ட் 8 உதரவிதானத்துக்குக் கீழேயே இருக்கு. அதை 16 ஸ்லைஸும் முதல் சில செகண்டிலேயே எடுத்திருக்கும். அதனால பழைய ஸ்டடியிலும் டோம் பக்கத்து நாட்யூல்கள் சரியா வந்திருக்காது. யாரும் குறை சொல்லலைன்னா யாரும் தேடலைன்னு அர்த்தம்.

வேகமான மெஷினுக்கு டிலேயைக் கூட்டணும். ட்ரிகருக்குப் பிறகு 18லிருந்து 20 வை.

இரண்டாவது, கான்ட்ராஸ்ட் அளவு. இதுதான் பெரிய ஓட்டை. 60 மில்லியை 300-ஆல பெருக்கு: 18,000 மில்லிகிராம் அயோடின். 52 கிலோவுக்கு வகுத்தா கிலோவுக்கு 346 மில்லிகிராம். கல்லீரலுக்கு 520க்குக் குறையாம வேணும். மூணுல ஒரு பங்கு காணோம். நீ எந்த செகண்டில் எடுத்தாலும் நாட்யூலுக்கும் ஈரலுக்கும் வித்தியாசம் மங்கலாத்தான் வரும்.

350 ஸ்ட்ரெங்த் இருந்தா கிலோவுக்கு 1.5 மில்லி கணக்கு: 80 மில்லி, 28 கிராம் அயோடின், கிலோவுக்கு 538. சரியா இருக்கு. 300தான் ஸ்டாக்னா அதே 80 போடாதே, 95 போடணும். ஸ்டோர்ல பாட்டில் மாறும்போது மில்லி மாறுறதில்லை, பல இடத்தில் நடக்கிற தப்பு இதுதான். கணக்கை மில்லியில் வெச்சுக்காதே, கிராமில் வெச்சுக்கோ.

மூணாவது, வேகம். ஊசி 25லிருந்து 30 செகண்ட் ஓடணும். 95 மில்லியை செகண்டுக்கு 4 மில்லி விட்டா 24 செகண்ட், அது போதும். அதுக்குப் புறங்கை பிங்க் தாங்காது, பிரஷர் லிமிட் அடிச்சு இன்ஜெக்டர் தானா வேகத்தைக் குறைச்சிடும். திரையில் 4ன்னு இருக்கும், உள்ள போறது 2.8. ஸ்கேன் முடிஞ்சதும் இன்ஜெக்டர் கிராஃபைப் பார், கோடு படியா விழுந்திருந்தா அதான் கதை. முழங்கை மடிப்பில் பச்சை, அதாவது 18 கேஜ். நரம்பு கிடைக்கலைன்னா அதே இடத்தில் பிங்க், 4 வரைக்கும் தாங்கும். சிரோசிஸ்காரங்களுக்கு நரம்பு ஒல்லி, வார்டில் போட்ட பழைய நீல வென்ஃப்ளானோட அனுப்புவாங்க. அதை நம்பாதே.

சலைன் 20 பத்தாது, 40 விடு. கையில் தங்கிற கான்ட்ராஸ்ட்டை உள்ள தள்ளுறதே அதுதான்.

அப்புறம் பாட்டிலை 37 டிகிரி வார்மரில் வை. வெளியே கத்திரி வெயில் கொளுத்துதேன்னு நினைக்காதே, கன்சோல் ரூம் ஏசியில் பாட்டில் குளிர்ந்து பாகா நிக்கும். அதுவும் பிரஷரை ஏத்தும்.

ஆரணி_ஸ்கேன்

ட்ராக்கர் எல்லாம் எதுக்கு? 35 செகண்ட் ஃபிக்ஸ்டா வெச்சா முடிஞ்சது. ட்ராக்கர் போட்டா நோயாளி கொஞ்சம் மூச்சு இழுத்தாலும் ஆர்ஓஐ (அடர்த்தியை அளக்கிற வட்டம்) அயோர்ட்டாவை விட்டு நகர்ந்து ட்ரிகரே அடிக்காம போயிடுது. அப்புறம் கையால அமுக்கணும், அதுக்குள்ள 50 செகண்ட் ஆயிடும்.

பாலாறு_படம்

ட்ரிகர் விடுபடுறது ஆர்ஓஐ வைக்கிற தப்பு. உதரவிதானத்துக்குக் கொஞ்சம் கீழே, அயோர்ட்டா நடுவில், விட்டத்தில் பாதி அளவுக்கு வட்டம் போடணும். சுவரில் சுண்ணாம்பு படிஞ்சிருந்தா அதைத் தொடக்கூடாது, தொட்டா ஊசி வர்றதுக்கு முன்னாடியே ட்ரிகர் அடிச்சிடும். ட்ராக்கிங் நேரத்தில் நோயாளி சாதாரணமா மூச்சு விடட்டும், பிடிக்கச் சொல்லாதே. முதல் மானிட்டர் ஸ்லைஸ் 10-வது செகண்டில் ஆரம்பிச்சா போதும்.

ஃபிக்ஸ்ட் டிலே சராசரி ஆளுக்கு ஒத்து வரும். ஈரல் சுருங்கினவங்க சராசரி இல்லை. பலருக்கு இதயம் வேகமா அடிச்சு ரத்தம் சீக்கிரம் சுத்தும். இன்னொருத்தருக்கு இதயமே பலவீனம், அயோர்ட்டாவுக்கு வரவே 30 செகண்ட். இரண்டு பேருக்கும் 35-ன்னா ஒருத்தருக்குப் பிந்தும், ஒருத்தருக்கு முந்தும்.

கதிர்_அறை

ரேடியாலஜிஸ்ட் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். இந்த 10 செகண்ட் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அந்த ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

லை-ராட்ஸ் (ஈரல் கட்டிகளைத் தரம் பிரிக்கும் முறை) 2018 அட்டவணைப்படி 20 மி.மீ.க்குக் குறைந்த நாட்யூலில் ஆர்ட்டீரியல் பளிச்சிடல் இல்லாமல் வாஷ்-அவுட் (பிந்தைய ஃபேஸில் சுற்றியுள்ள ஈரலைவிடக் கருப்பாகத் தெரிவது) மட்டும் இருந்தால் எல்ஆர்-3. அதே 16 மி.மீ. நாட்யூலில் விளிம்பில் மட்டும் இல்லாத பளிச்சிடலும் வாஷ்-அவுட்டும் சேர்ந்திருந்தால் நேராக எல்ஆர்-5. அதாவது பயாப்ஸி இல்லாமலே ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா (ஈரல் செல் புற்றுநோய்) என்று சிகிச்சையைத் தொடங்கலாம். ஒருவருக்கு "மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் திரும்ப வாருங்கள்", இன்னொருவருக்கு அறுவை சிகிச்சையோ அப்ளேஷனோ (கட்டியை ஊசி வழியே அழிப்பது). நடுவில் நிற்பது உங்கள் டிலே.

காரணம் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. சாதாரண ஈரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் போர்ட்டல் வெய்னிலிருந்தும் கால் பங்கு ஹெபாடிக் ஆர்ட்டரியிலிருந்தும் வருகிறது. மீள்வளர்ச்சி நாட்யூல், டிஸ்ப்ளாஸ்டிக் நாட்யூல், புற்றுக்கட்டி என்று படிப்படியாக மாறும்போது போர்ட்டல் பங்கு குறைந்து, புதிய ஆர்ட்டரிகள் முளைக்கின்றன. ஆர்ட்டரி ரத்தம் கட்டிக்குள் நிறைந்து, போர்ட்டல் ரத்தம் ஈரலை இன்னும் நிரப்பாத அந்தச் சில செகண்டுகளில்தான் கட்டி வெள்ளையாகத் தெரியும். முந்தினால் கட்டிக்குள் கான்ட்ராஸ்ட் இன்னும் வந்திருக்காது. பிந்தினால் சுற்றியுள்ள ஈரலும் வெளுத்துவிடும்.

சரியான ஃபேஸா என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், படத்தைப் பாருங்கள். ஹெபாடிக் ஆர்ட்டரி முழுக்க நிறைந்திருக்க வேண்டும். போர்ட்டல் வெய்னில் லேசாக வெளுப்பு வந்திருக்க வேண்டும். ஹெபாடிக் வெய்ன்கள் பாலாறு மாதிரி வறண்டு கிடக்க வேண்டும். போர்ட்டல் வெய்ன் முழுக்கக் கருப்பு என்றால் முந்திவிட்டது, உங்கள் கேஸ் அதுதான். ஹெபாடிக் வெய்னில் ஈரல் பக்கத்திலிருந்து கான்ட்ராஸ்ட் வந்துவிட்டது, மண்ணீரலும் வரிவரியாக இல்லாமல் ஒரே சீராகிவிட்டது என்றால் பிந்திவிட்டது.

இரண்டு விதிவிலக்கு. இதயம் பலவீனமானவருக்கு வலது ஏட்ரியத்திலிருந்து கான்ட்ராஸ்ட் பின்வாங்கி ஹெபாடிக் வெய்னுக்குள் இறங்கும். அதைப் பார்த்து ஃபேஸ் பிந்திவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது. இன்னொன்று, ஆர்ட்டரிக்கும் போர்ட்டல் வெய்னுக்கும் பெரிய ஷண்ட் (குறுக்கு இணைப்பு) இருந்தால் போர்ட்டல் வெய்ன் சீக்கிரமே நிறைந்துவிடும். அங்கே அது நம்பத்தகுந்த சாட்சி அல்ல.

டிலேய்ட் ஃபேஸை நேரமில்லை என்று விட்டுவிடும் இடங்கள் உண்டு. விடாதீர்கள். சில கட்டிகளில் வாஷ்-அவுட் 70-வது செகண்டில் தெரியாது, 3 நிமிடத்தில்தான் தெரியும். கேப்ஸ்யூல் என்கிற மெல்லிய வெள்ளை வளையமும் அப்படியே. 20 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட, பளிச்சிடும் கட்டியில் கேப்ஸ்யூல் ஒன்று இருந்தாலே எல்ஆர்-5 ஆகிவிடும். 10 முதல் 19 மி.மீ. வரை என்றால் கேப்ஸ்யூல் மட்டும் எல்ஆர்-4 வரைக்குத்தான் தரும்.

வாஷ்-அவுட்டை ஹெச்யூ எண்ணால் அளக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்து, சுற்றியுள்ள ஈரலோடு ஒப்பிட வேண்டும். ஆனால் சாதாரண அப்டமன் விண்டோவில் பார்த்தால் தெரியாது. விண்டோ அகலத்தை 150-க்குக் குறைத்து, மையத்தை 90, 100 வாக்கில் வையுங்கள். 400 அகலத்தில் காணாமல் போன நாட்யூல் அங்கே எழுந்து நிற்கும்.

ராணிப்பேட்டை_கன்சோல்

ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணே. கிராஃபைப் போய்ப் பார்த்தேன், கோடு படியாத்தான் விழுந்திருக்கு. இன்னும் மூணு சந்தேகம். ப்ளெயின் ஃபேஸ் (கான்ட்ராஸ்ட் இல்லாம) எல்லாருக்கும் எடுக்கணுமா? ஆர்ட்டீரியலில் சின்னச் சின்னதா வெள்ளைப் புள்ளி வந்து மற்ற ஃபேஸில் மறைஞ்சுடுதே, அதுவும் கட்டிதானா? வயிற்றில் நீர் இருக்கிறவங்களுக்கு எடைக் கணக்கு எப்படி?

கதிர்_அறை

ப்ளெயின் எல்லோருக்கும் கட்டாயமில்லை. டேஸ் (கட்டிக்குப் போகும் ஆர்ட்டரியில் மருந்து செலுத்தி அடைப்பது) அல்லது அப்ளேஷன் ஆனவருக்குக் கட்டாயம். டேஸில் செலுத்தும் எண்ணெய் மருந்தான லிப்பியோடால் படிந்த இடம் ப்ளெயினிலேயே வெள்ளையாக இருக்கும், ப்ளெயின் இல்லாமல் ஆர்ட்டீரியலைப் பார்த்தால் கட்டி உயிரோடு பளிச்சிடுகிறது என்று ஏமாறுவோம். இரும்புச்சத்து படிந்த நாட்யூலும் ப்ளெயினில் வெளுப்பாக இருக்கும். முதல்முறை வருபவருக்கு ஒருமுறை எடுத்துவைப்பது என் விருப்பம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் நான்கு ஃபேஸ் கதிர்வீச்சு தேவையா என்று யோசிக்க வேண்டும்.

வெள்ளைப் புள்ளிகள்: சிரோசிஸ் ஈரலில் ஆர்ட்டீரியலில் மட்டும் தெரிந்து மறைகிற 10 மி.மீ.க்குக் குறைந்த புள்ளிகளில் பெரும்பாலானவை ஷண்ட். ஈரலின் மேற்பரப்பை ஒட்டி, ஆப்பு வடிவத்தில், உள்ளே ரத்தக்குழாய் விலகாமல் நேராக ஓடினால் சந்தேகமே வேண்டாம். உருண்டையாக இருந்தால் எல்ஆர்-3 போட்டு அடுத்த ஸ்கேனில் ஒப்பிட வேண்டும். 10 மி.மீ.க்குக் குறைந்தது எதுவானாலும் எல்ஆர்-5 ஆகாது, அதிகபட்சம் 4. அடுத்த ஸ்கேனில் ஆறு மாதத்துக்குள் 50 சதவீதமோ அதற்கு மேலோ வளர்ந்திருந்தால்தான் வளர்ச்சி என்று கணக்கில் வரும். 8 மி.மீ. 10 ஆனால் பதற வேண்டாம், 12 ஆனால் கவனம்.

அளவை எடுக்கும்போது விளிம்பு தெளிவாகத் தெரியும் ஃபேஸில் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை, கேப்ஸ்யூலையும் சேர்த்து அளக்க வேண்டும். வேறு ஃபேஸில் தெளிவாக இருந்தால் ஆர்ட்டீரியலில் அளக்காதீர்கள். சுற்றிலும் கசிகிற பளிச்சிடலால் அளவு கூடிக் காட்டும். இரண்டு ஸ்கேனையும் ஒரே ஃபேஸில், ஒரே தளத்தில் அளந்தால்தான் ஒப்பீடு.

ஏமாற்றும் இன்னொரு ஆள் கன்ஃப்ளூயண்ட் ஃபைப்ரோசிஸ் (தழும்புத் திட்டு). செக்மெண்ட் 4, 8 பகுதியில் ஆப்பு வடிவில், மேற்பரப்பு உள்ளே குழிந்து, டிலேய்டில் மெதுவாக வெளுக்கும். கட்டி என்றால் மேற்பரப்பைப் பொதுவாக வெளியே தள்ளும், இது உள்ளே இழுக்கும். சிறிய ஹெமாஞ்சியோமாவும் (சாதுவான ரத்தக்குழாய்க் கட்டி) ஆர்ட்டீரியலில் சட்டென்று நிறையும். ஆனால் எல்லா ஃபேஸிலும் அயோர்ட்டாவும் மற்ற ரத்தக்குழாய்களும் எந்த நிறத்தில் இருக்கின்றனவோ அதே நிறத்தில் இருக்கும், வாஷ்-அவுட் ஆகாது. விளிம்பில் மட்டும் வளையமாகப் பளிச்சிட்டால் எல்ஆர்-எம் (புற்றாக இருக்கலாம், ஆனால் ஹெபட்டோசெல்லுலர்தான் என்று சொல்ல முடியாதது) பக்கம் யோசிக்க வேண்டும். கோலாஞ்சியோகார்சினோமா (பித்தநாளப் புற்று) அப்படி வரலாம். அங்கே பயாப்ஸி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. லை-ராட்ஸ் சிரோசிஸ் உள்ள, அல்லது நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ள, அல்லது ஏற்கெனவே ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா வந்த பெரியவர்களுக்கு மட்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு இல்லை. பட்-கியாரி (ஹெபாடிக் வெய்ன் அடைப்பு), நாள்பட்ட போர்ட்டல் வெய்ன் அடைப்பு, இதயக் கோளாறால் வந்த ஈரல் தேக்கம் ஆகியவற்றால் வந்த சிரோசிஸுக்கும் இல்லை. பட்-கியாரியில் ஆர்ட்டீரியலில் பளிச்சிடும் சாதுவான நாட்யூல்கள் கொத்தாக வரும், அவற்றுக்கு எல்ஆர்-5 போட்டால் நோயாளிக்கு இல்லாத புற்றுநோயைக் கொடுத்தவர்களாவோம். மண்ணீரல் பெரிதாக இருக்கிறது, வெரிசஸ் (புடைத்த சிரைகள்) இருக்கிறது என்றதும் சிரோசிஸ் என்று ஃபார்மில் எழுதி அனுப்புகிறார்கள். சிரோசிஸே இல்லாமல் போர்ட்டல் அழுத்தம் மட்டும் ஏறிய நோயாளிகள் நம் நாட்டில் குறைவில்லை. ஹெபாடிக் வெய்ன் மூன்றும் திறந்திருக்கின்றனவா, போர்ட்டல் வெய்ன் இருக்கிறதா அல்லது அந்த இடத்தில் நூல்நூலாகச் சிறு குழாய்கள்தானா என்று பார்த்துவிட்டுத்தான் அட்டவணையைத் திறக்க வேண்டும்.

பாலாறு_படம்

எடைக் கணக்கு: நீர் எடைக்கு கான்ட்ராஸ்ட் போடாதே. 62 கிலோ காட்டுது, வார்டு குறிப்பில் 8 லிட்டர் வாக்கில் நீர்னு இருந்தா 54க்குக் கணக்குப் போடு. குறிப்பு இல்லைன்னா நீர் ஏறுறதுக்கு முன்னாடி எடை என்னன்னு வீட்டு ஆளைக் கேளு. ஒல்லியான ஆளுக்கு 120 கேவிபிக்குப் (எக்ஸ்ரே குழாய் மின்னழுத்தம்) பதிலா 100 வெச்சா அயோடின் இன்னும் பளிச்சுன்னு தெரியும். வயிறு நிறைய நீர்னா 120லேயே இரு, இல்லைன்னா படம் முழுக்க மணல் கொட்டினாப்பல இருக்கும்.

கிரியாட்டினினைப் பார்த்து ஏமாறாதே. தசை கரைஞ்ச ஆளுக்கு 1.0 இருந்தாலும் கிட்னி பாதிதான் வேலை செய்யலாம். ஈஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டுற அளவு) 30க்குக் கீழேன்னா டாக்டரைக் கேக்காம ஊசியைத் தொடாதே. நீர் பிரியற மாத்திரை எடுக்கிறாரான்னு கேளு. நாமளா சலைன் பாட்டில் ஏத்தவும் கூடாது, வயிற்று நீர் கூடிடும்.

மூச்சு. எல்லா ஃபேஸிலும் ஒரே ஆழத்தில் மூச்சைப் பிடிக்கணும். ஆர்ட்டீரியலில் முழுசா இழுத்து, போர்ட்டலில் பாதி இழுத்தா ஈரல் இரண்டு செ.மீ. நகர்ந்து, 16 மி.மீ. நாட்யூல் வேற ஸ்லைஸில் போய் உக்காந்துக்கும். ஊசிக்கு முன்னாடி ரெண்டு தடவை ஒத்திகை பாரு. இந்த ஊருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வர்றவங்கதான் எவ்வளவு பேர், மெஷினில் பதிவான தமிழ்க் குரல் அவங்களுக்குப் புரியாது. "சாஸ் ரோக்கோ", "ஷாஷ் பந்தோ ராக்குன்" இரண்டையும் ஆட்டோ வாய்ஸில் பதிஞ்சு வை. குரல் ஓடுற நேரத்தையும் டிலேக்குள்ள சேர்த்துப் பாரு. 6 செகண்ட் வாய்ஸுக்கு 18 செகண்ட் டிலே தாராளம். பழைய 10 செகண்டில் அதுவே இழுபறியா இருந்திருக்கும்.

ராணிப்பேட்டை_கன்சோல்

புரிஞ்சுது அண்ணே. இந்த 52 கிலோ ஆளை என்ன பண்றது? திரும்பக் கூப்பிட்டு நாளைக்கே எடுத்துடலாமா?

கதிர்_அறை

நாளைக்கே வேண்டாம். ஒரு டோஸ் இப்போதுதான் போயிருக்கிறது, கிரியாட்டினினைத் திரும்பப் பார்த்து, அனுப்பிய டாக்டரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கலாம். இவருக்கு நான் டைனமிக் எம்ஆர்ஐ கேட்பேன். 2 செ.மீ.க்குக் குறைந்த நாட்யூலில் சிடியைவிட எம்ஆர்ஐக்குக் கண் கூர்மை. எம்ஆர்ஐ முடியாதென்றால் சரியான டிலேயோடு சிடி. ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லும் கேஸ் இது இல்லை, ஏனென்றால் எல்ஆர்-3 என்பது நாட்யூலின் குணத்தால் வரவில்லை, நம் டைமிங்கால் வந்தது. ரிப்போர்ட் எழுதியவரிடமும் சொல்லுங்கள். ஃபேஸ் தவறியதால் தரம் பிரிக்க முடியவில்லை என்பதற்கு எல்ஆர்-என்சி என்று ஒரு வகையே இருக்கிறது. எல்ஆர்-3 என்று பார்த்த டாக்டர் நிதானமாக இருப்பார், என்சி என்று பார்த்தால் உடனே அடுத்த ஸ்கேனுக்கு எழுதுவார்.

ஏஎஃப்பி (ஈரல் புற்றுக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று ஃபார்மில் இருந்ததா?

ராணிப்பேட்டை_கன்சோல்

ஃபார்மில் "சிஎல்டி, நாட்யூல்" (நாள்பட்ட ஈரல் நோய், கட்டி) என்று மட்டும்தான் இருந்தது சார். கேட்டு வாங்கறேன். அவங்க அடுத்து வேலூருக்குத்தான் போகப்போறாங்க, ஃபிலிம் போட்டுக் கொடுத்தாச்சு.

பாலாறு_படம்

ஃபிலிம் மட்டும் கொடுத்தா அங்கே போய் மறுபடி முதலிலிருந்து எடுப்பாங்க. படத்தை டிஸ்க்கில் போட்டுக் கொடு, 5 மி.மீ. மட்டும் இல்லை, மெல்லிய ஸ்லைஸ் எல்லா ஃபேஸும். ஒவ்வொரு சீரிஸ் பேரிலும் ஊசி ஆரம்பிச்சதிலிருந்து எத்தனை செகண்ட்னு எழுது: "ஆர்ட்டீரியல் 28", "போர்ட்டல் 70" அப்படி. கான்ட்ராஸ்ட் பேரு, ஸ்ட்ரெங்த், மில்லி, வேகம் இதையும் ஒரு சீட்டில். 28ன்னு பார்த்ததுமே அங்கே இருக்கிறவருக்கு விஷயம் புரிஞ்சிடும்.